'பர்க்' என்ற வினைச்சொல்லைப் படிப்பதும் தமிழாக்குவதும்: ஒரு மொழிபெயர்ப்பாளரின் கைவழி

மதுரையில் வழக்கு ஆவணங்களை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கிக் கொடுப்பது என் பிழைப்பு. பிரமாண வாக்குமூலம், ரிட் மனு, தீர்ப்பு நகல், பிரேதப் பரிசோதனை அறிக்கை என்று வாரம் முழுக்கக் காகிதம்தான். நீளமான லத்தீன் தொடர் வந்தால் யாராக இருந்தாலும் அகராதியைத் திறந்துவிடுவார்கள், அதனால் ஆபத்தில்லை. தெரிந்த சொல் மாதிரியே சாதுவாக உட்கார்ந்திருக்கும் சின்னச் சொல்தான் ஆளைக் கவிழ்க்கும். 'பர்க்' அப்படி ஒன்று. பி, யு, ஆர், கே, இ என்று ஐந்தே எழுத்து. 'வர்க்' என்பதோடு எதுகை சேர்வதுபோல் உச்சரிக்க வேண்டும். இறந்த காலம் 'பர்க்டு', தொழிற்பெயர் 'பர்க்கிங்', செய்கிறவன் 'பர்க்கர்'.

இந்தச் சொல்லுக்கு எங்கள் வட்டத்திலேயே மூன்று பொருள் உண்டு. அக்கா மகள் எம்.பி.பி.எஸ். படிக்கிறாள். கேட்டால், "சித்தி, அது கொலை பண்ற முறை. மூச்சடைப்புப் பாடத்துல வரும், அஞ்சு மார்க் கேள்வி" என்பாள். எதிர்வீட்டு ஐயா போலீஸ் ஸ்டேஷனில் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரைக் கேட்டால், "புகார் வந்தும் கேஸ் போடாம விடுறதும்மா. கிரைம் மீட்டிங்ல எஸ்.பி. வாயில அடிக்கடி வரும்" என்பார். பழைய நாடாளுமன்ற நடவடிக்கைக் குறிப்புகளைப் படிக்கிறவர்களைக் கேட்டால், ஒரு கேள்வியையோ விசாரணையையோ சத்தமில்லாமல் ஒழித்துக்கட்டுவது என்பார்கள். மூவர் சொல்வதும் சரி. உங்கள் கையில் இருக்கும் வாக்கியத்தில் எது என்று கண்டுபிடிப்பதற்குத்தான் இந்தக் குறிப்பு.

அது வினைச்சொல்தானா?

முதலில் இதைப் பார்த்துவிடுங்கள். பெரிய எழுத்தில் தொடங்கினால் பெரும்பாலும் ஆளின் பெயர். நம் ஊர் வரலாறு படிக்கிறவர்களுக்கு இதில் ஒரு தனித் தொல்லை இருக்கிறது. எட்மண்ட் பர்க் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் 1785இல் ஆற்காடு நவாப்பின் கடன்களைப் பற்றிப் புகழ்பெற்ற உரை ஒன்றை ஆற்றினார். அப்புறம் வாரன் ஹேஸ்டிங்ஸ் மீதான பதவிக்குற்ற விசாரணையை முன்னின்று நடத்தினார். ஆகவே மதராஸ் பற்றிய பழைய நூல்களில் அந்தப் பெயர் திரும்பத் திரும்ப வரும். 'பர்க்கியன்' என்ற பெயரடையும் அவரிடமிருந்து வந்ததே. ஆனால் அவர் 1797இல் இறந்துவிட்டார். நம்முடைய வினைச்சொல் 1829இல் பிறந்தது. இருவருக்கும் உள்ள ஒற்றுமை அயர்லாந்தும் குடும்பப் பெயரும் மட்டும்தான்.

பிரிட்டனில் முட்டாளைத் திட்டும் கொச்சைச் சொல் ஒன்றும் இதே ஒலியில் உண்டு. அதைச் சில சமயம் இதே எழுத்துக்கூட்டலில் எழுதிவிடுவார்கள். அது பெயர்ச்சொல், பிறந்த இடமும் வேறு. 'அவன் ஒரு பர்க்' என்ற அமைப்பில் வந்தால் அதுதான், விட்டுவிடலாம்.

மூன்றாவது தொல்லை ஸ்கேன். மங்கலான நகலிலிருந்து கணினி எழுத்துகளை எடுக்கும்போது 'பர்க்கிங்' என்பதில் உள்ள 'யு' பல நேரம் 'ஏ' ஆகி, நாய் குரைப்பதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லாக மாறிவிடும். தட்டச்சு செய்கிறவர் சரியாக அடித்தாலும் திருத்தும் மென்பொருள் சும்மா இருப்பதில்லை. அந்த நகலை இயந்திர மொழிபெயர்ப்பில் போட்டுக் கொண்டுவந்த ஒரு பிள்ளையின் தாளில் 'குற்றத்தைக் குரைத்தல்' என்று இருந்தது. நாய் சம்பந்தமே இல்லாத பத்தியில் குரைப்பு வந்தால், மூலத்தைப் பெரிதாக்கி அந்த ஓர் எழுத்தைப் பாருங்கள்.

எடின்பரோவில் நடந்தது

கதை தெரியாமல் இந்தச் சொல்லை எழுதினால் பாதிப் பொருள்தான் கைக்கு வரும். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

19ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் எடின்பரோ மருத்துவப் படிப்புக்குப் பேர்போன ஊர். உடற்கூறியல் பாடத்துக்கு உடல் வேண்டும். சட்டமோ, கொலைக் குற்றத்துக்காகத் தூக்கிலிடப்பட்டவர்கள் போன்ற சிலருடைய உடல்களைத்தான் அறுத்துப் பார்க்க வழிசெய்திருந்தது. மாணவர் கூட்டத்துக்கு அது எந்த மூலைக்கு? ஆகவே இரவில் கல்லறையைத் தோண்டி உடலைத் திருடி விற்கும் ஒரு தொழிலே நடந்தது. செத்தவர்களின் சொந்தக்காரர்கள் கல்லறைக்கு இரும்புக் கூண்டு போட்டார்கள், காவல் கோபுரம் கட்டி ராத்திரி கண்விழித்தார்கள்.

வில்லியம் பர்க் கால்வாய் வெட்டும் வேலைக்காக அயர்லாந்திலிருந்து ஸ்காட்லாந்துக்கு வந்தவன். எடின்பரோவின் வெஸ்ட் போர்ட் பகுதியில் டானர்ஸ் க்ளோஸ் என்ற சந்தில், இன்னோர் அயர்லாந்துக்காரன் வில்லியம் ஹேரும் அவன் மனைவி மார்கரெட்டும் ஏழைகளுக்கான தங்கும் விடுதி ஒன்றை நடத்திக்கொண்டிருந்தார்கள். 1827 நவம்பரில் அங்கே தங்கியிருந்த டொனால்ட் என்ற கிழவர் நோயில் இறந்துபோனார். பென்ஷன் வாங்கும் பழைய சிப்பாய். வாடகையில் 4 பவுண்டு பாக்கி. பாக்கியை வசூலிக்க ஹேரும் பர்க்கும் ஒரு வழி கண்டார்கள். சவப்பெட்டிக்குள் தோல் பதனிடும் மரப்பட்டையை நிரப்பி அடக்கத்துக்கு அனுப்பிவிட்டு, உடலைச் சர்ஜன்ஸ் ஸ்கொயரில் வகுப்பு நடத்திவந்த டாக்டர் ராபர்ட் நாக்ஸின் இடத்துக்குக் கொண்டுபோனார்கள். 7 பவுண்டு 10 ஷில்லிங் கிடைத்தது. உடல் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை.

அந்தக் கேட்காமைதான் எல்லாவற்றுக்கும் வித்து. அடுத்து வந்த ஓராண்டுக்குள் இருவரும் சேர்ந்து 16 பேரைக் கொன்றார்கள். குளிர்காலத்தில் ஓர் உடலுக்கு 10 பவுண்டு, கோடையில் 8. ஆள் தெரியாத ஏழைகளையும், தனியாக ஊருக்கு வந்தவர்களையும் கூப்பிட்டு விஸ்கி ஊற்றுவார்கள். மயங்கியதும் ஒருவன் மார்பில் ஏறி அழுத்த, மூக்கையும் வாயையும் கையால் பொத்திவிடுவார்கள். கத்தியில்லை, கயிறில்லை, கழுத்தில் விரல் தடமில்லை. குடித்துச் செத்த உடல் மாதிரியே இருக்கும். தடயம் இருந்தால் வாங்குகிறவர் கேள்வி கேட்க வேண்டிவரும். தடயம் இல்லாவிட்டால் கேட்காமல் இருக்க வசதி.

ஒன்றைக் கவனியுங்கள். இவர்கள் ஒரு கல்லறையைக்கூடத் தோண்டியதில்லை. 'பர்க்' என்றால் பிணத் திருட்டு என்று சில கையேடுகளில் எழுதியிருப்பது தவறு. பிணத்தைத் திருடியவர்கள் வேறு கூட்டம். இவர்கள் உயிரோடு இருந்தவர்களைப் பிணமாக்கி விற்றவர்கள்.

1828 அக்டோபர் 31 அன்று டோச்சர்ட்டி என்ற பெண்மணி கடைசியாகக் கொல்லப்பட்டார். பர்க்கின் வீட்டில் தங்கியிருந்த ஆன் கிரே, ஜேம்ஸ் கிரே என்ற தம்பதி வைக்கோலுக்கடியில் உடலைப் பார்த்துவிட்டார்கள். வாயை மூடப் பணம் தருகிறோம் என்று பேரம் பேசியும் மசியாமல் போலீசுக்குப் போனார்கள். அந்த இருவரைப் பற்றி யாரும் அதிகம் எழுதுவதில்லை. என்னைக் கேட்டால் இந்தக் கதையில் மரியாதைக்குரியவர்கள் அவர்கள்தான்.

வழக்கு நடத்துவதில்தான் சிக்கல். உடலைச் சோதித்த மருத்துவர்களால் கொலைதான் என்று அடித்துச் சொல்ல முடியவில்லை. முறை அப்படி. அரசுத் தரப்பு வேறு வழியில்லாமல் ஹேருக்கு மன்னிப்புக் கொடுத்து அவனை அப்ரூவர் ஆக்கியது. 1828 டிசம்பர் 24 அன்று தொடங்கிய விசாரணை ராத்திரி முழுக்க நடந்து, கிறிஸ்துமஸ் காலையில் பர்க் குற்றவாளி என்று முடிந்தது. 1829 ஜனவரி 28 அன்று லான்மார்க்கெட்டில் பெருங்கூட்டத்தின் முன்னால் அவனைத் தூக்கிலிட்டார்கள். தீர்ப்பின்படியே உடலைப் பல்கலைக்கழகத்தில் அறுத்துப் பாடம் நடத்தினார்கள். எலும்புக்கூடு இன்றும் எடின்பரோ பல்கலைக்கழக உடற்கூறியல் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. நாக்ஸ் மீது வழக்கே இல்லை. ஆனால் தெருப் பிள்ளைகள் பாடிய பாட்டில் பர்க் கசாப்புக்காரன், ஹேர் திருடன், மாட்டிறைச்சி வாங்குகிறவர் நாக்ஸ் என்று மூவரையும் ஒரே வரிசையில் நிறுத்திவிட்டார்கள்.

வினைச்சொல் பிறந்ததும் அந்தத் தூக்குமேடையில்தான். கூட்டம் "பர்க் ஹிம், பர்க் ஹிம், கயிறு கொடுக்காதே" என்று கத்தியதாகச் சில நாட்களில் லண்டன் பத்திரிகையில் செய்தி வந்தது. ஒருவனுடைய பெயர் அவன் சாகும் நேரத்திலேயே அவன் காதுபட வினையாக மாறியது. புறக்கணிப்பதைக் குறிக்கும் 'பாய்காட்' என்ற சொல்லுக்கும் இதே மாதிரி ஓர் ஆள் உண்டு. அயர்லாந்தில் 1880இல் குடியானவர்கள் ஒதுக்கிவைத்த பண்ணை முகவர் அவர். ஆனால் அந்தச் சொல்லைத் தமிழ்ச் சுவரொட்டியிலேயே பார்க்கிறோம், இதை யாரும் பார்ப்பதில்லை.

எந்த ஆண்டு எழுதிய வாக்கியம்?

பொருளைத் தீர்மானிக்க எழுதிய ஆண்டு பெரிய உதவி. 1829க்கு முந்தைய எழுத்தில் இது வினையாக இருக்க வழியில்லை. 1829 முதல் 1832 வரை வந்தால் பெரும்பாலும் நேர்ப்பொருள்தான், கொலை. பெயரின் நினைவு சூடாக இருந்ததால் அப்போது பெரிய எழுத்திலேயே எழுதுவார்கள்.

அந்த மூன்று ஆண்டுகளுக்குள்ளேயே பொருள் கொஞ்சம் நெகிழ்ந்துவிட்டது. 1831 நவம்பரில் லண்டனில் பிஷப், வில்லியம்ஸ் என்ற இருவர் ஒரு சிறுவனின் உடலைக் கிங்ஸ் காலேஜுக்கு விற்கப் போய் மாட்டிக்கொண்டார்கள். பத்திரிகைகள் அவர்களை 'லண்டன் பர்க்கர்கள்' என்றன. அவர்கள் ஒப்புக்கொண்ட முறையோ முற்றிலும் வேறு. ரம்மில் அபின் கலந்து கொடுத்து, மயங்கியவரைத் தலைகீழாகக் கிணற்றுக்குள் இறக்கியிருக்கிறார்கள். மூக்கைப் பொத்தவும் இல்லை, மார்பில் ஏறவும் இல்லை. ஆனாலும் பர்க்கர்கள். அதாவது முறையை விட்டுவிட்டு நோக்கத்தை மட்டும் வைத்து, விற்பதற்காகக் கொல்கிறவன் எவனும் பர்க்கர் என்று ஆகிவிட்டது.

1832இல் உடற்கூறியல் சட்டம் வந்தது. உரிமை கோர ஆளில்லாத உடல்களை மருத்துவப் பள்ளிகள் சட்டப்படி பெறலாம் என்றானதும் அந்தச் சந்தை படுத்துவிட்டது. கொன்று விற்கும் தேவை போனதும் சொல்லின் நேர்ப்பொருள் பயமுறுத்தும் கதையாக மட்டும் நின்றது.

டிக்கன்ஸின் 'பிக்விக் பேப்பர்ஸ்' நாவலில் ஓர் இடம் இருக்கிறது. 1836, 37இல் தொடராக வந்தது. வேலைக்காரன் சாம் வெல்லர், லண்டன் தெருவில் சாசேஜ் என்ற அரைத்த இறைச்சிப் பண்டம் விற்கும் ஒரு கடையைக் காட்டி, இதன் முதலாளி நான்கு வருஷத்துக்கு முன்னால் காணாமல் போனார் என்கிறான். பிக்விக் சட்டென்று சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, அவரைப் பர்க் செய்துவிட்டார்களா என்று கேட்கிறார். இல்லை, அதைவிட மோசம் என்று சொல்லிவிட்டு, அவர் தன் இயந்திரத்திலேயே சாசேஜ் ஆன கதையைச் சாம் எடுத்துவிடுகிறான். இதில் வேடிக்கை என்னவென்றால், நாவலில் கதை நடப்பது 1827, 1828இல். அந்தக் கணக்குப்படி பிக்விக் இந்தக் கேள்வியைக் கேட்கும்போது பர்க் இன்னும் கைதாகவே இல்லை. எழுதியவர் 1836இல் உட்கார்ந்திருக்கிறார், பாத்திரம் 1828இல் நிற்கிறது, சொல் மட்டும் இடையில் நழுவி உள்ளே வந்துவிட்டது. பழைய நாவலைத் தமிழாக்குகிறவர்கள் இந்த மாதிரி இடங்களில் 'திருத்தம்' செய்யாமல் அப்படியே விட வேண்டும். பிக்விக் சுற்றுமுற்றும் பார்ப்பதில்தான் அந்தக் காலத்துப் பயமே இருக்கிறது. 'கொன்றுவிட்டார்களா' என்று மட்டும் போட்டால் அவர் ஏன் பார்க்கிறார் என்று வாசகருக்குப் புரியாது. 'மூக்கைப் பொத்திக் கொன்று டாக்டருக்கு விற்றுவிட்டார்களா' என்று நீட்டினாலும் பரவாயில்லை என்பது என் கட்சி.

அப்புறம் உருவகப் பொருள் தலையெடுத்தது. விசாரணை, விவாதம், கேள்வி, அறிக்கை, வெளிவர வேண்டிய புத்தகம் என்று எல்லாவற்றையும் பர்க் செய்யத் தொடங்கினார்கள். 1913ஆம் ஆண்டு வெப்ஸ்டர் அகராதி கொலைப் பொருளை முதலிலும், சத்தமில்லாமல் ஒழித்தல் என்ற பொருளை இரண்டாவதிலும் கொடுத்து, நாடாளுமன்றக் கேள்வியைப் பர்க் செய்வதையே எடுத்துக்காட்டாகத் தருகிறது.

செயப்படுபொருளைப் பாருங்கள்

ஆண்டு தெரியாவிட்டாலும் கவலையில்லை. இந்த வினை எப்போதும் ஒரு செயப்படுபொருளோடுதான் வரும். யாரை, எதை என்று கேளுங்கள். ஆள் என்றால் கொலை. கேள்வி, விவாதம், விசாரணை என்றால் அமுக்குவது. குற்றம், புகார், வழக்கு என்றால் போலீஸ் பொருள்.

தமிழில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. 'அமுக்கு' என்ற நம் வினையும் உடம்பை அழுத்துவதற்கும் விஷயத்தை மறைப்பதற்கும் பொதுவாக நிற்கிறது. 'கேஸை அமுக்கிட்டாங்க' என்று டீக்கடையில் பேசுகிறவருக்கு எடின்பரோ தெரியாது, ஆனால் பொருள் அச்சாகப் பொருந்துகிறது. ஆகவே உருவகப் பொருளுக்கு நான் முதலில் எடுப்பது 'அமுக்கிவிடு'தான். பத்திரிகை நடை வேண்டுமென்றால் 'சத்தமில்லாமல் அமுக்கிவிட்டனர்'.

பக்கத்துச் சொற்களோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. 'கிடப்பில் போடுவது' வேறு; கோப்பு அங்கே உயிரோடுதான் இருக்கிறது, நாளைக்கே யாராவது தூசி தட்டி எடுக்கலாம். 'மழுப்புவது' வேறு, அதில் பதில் என்று ஏதோ ஒன்று வருகிறது. 'தடை செய்வது' நிச்சயமாக வேறு. தடை என்றால் அரசாணை உண்டு, தேதி உண்டு, எதிர்த்து வழக்குப் போடலாம். கலகத்தை ஒடுக்குவதும் ஊரறிய நடப்பது. பர்க் செய்வதற்கு மூன்று குணம் வேண்டும்: விஷயம் அத்தோடு சாக வேண்டும், சத்தம் வரக் கூடாது, பிறகு பார்க்கிறவருக்கு எதுவுமே நடக்காத மாதிரி இருக்க வேண்டும். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் அது வேறு வினை. ஆங்கிலத்தில் நீங்களே எழுதும்போதும் இதையே அளவாக வைத்துக்கொள்ளுங்கள். சபையில் கூச்சலிட்டு விவாதத்தை நிறுத்தினால் அது பர்க் அல்ல. நிகழ்ச்சி நிரலிலிருந்தே அந்தப் பொருளை எடுத்துவிட்டு, அப்படி ஒன்று இருந்ததே தெரியாமல் செய்தால் அது பர்க்.

மருத்துவ அறிக்கையில் வந்தால் எதிர்த் திசையில் கறாராக இருங்கள். தடயவியல் மருத்துவத்தில் 'பர்க்கிங்' என்பது ஒரு குறிப்பிட்ட கூட்டுமுறை: மூக்கு வாயைப் பொத்துவதும், மார்பின் மேல் எடை ஏற்றி மூச்சு இயக்கத்தைத் தடுப்பதும் சேர்ந்து நடப்பது. தலையணையை முகத்தில் அழுத்துவது மட்டும் பர்க்கிங் ஆகாது. 'மூச்சுத் திணறடித்துக் கொலை' என்று பொதுவாக எழுதினால், மார்பில் அழுத்திய விவரம் காணாமல் போய்விடும். குறுக்கு விசாரணையில் அந்த விவரத்தைத்தான் பிடித்துக்கொள்வார்கள். 'மார்பை அழுத்தியபடி மூக்கையும் வாயையும் பொத்தி மூச்சடைக்கச் செய்தல்' என்று முழுசாகவே எழுதுங்கள். நீளம்தான், பரவாயில்லை.

நம் ஊர் ஸ்டேஷனில்

சொல் பிறந்த நாட்டில் இன்று இதைப் பயன்படுத்துகிறவர்கள் குறைவு. இந்தியப் போலீஸ் ஆங்கிலத்தில் நன்றாக உயிரோடு இருக்கிறது. பிடியாணை வேண்டாக் குற்றம், அதாவது பிடியாணை இல்லாமலே போலீஸ் கைது செய்யக்கூடிய குற்றம், பற்றித் தகவல் வந்தும் முதல் தகவல் அறிக்கை பதியாமல் விடுவது 'பர்க்கிங்'. ஏன் இந்தச் சொல் இங்கே இவ்வளவு பொருந்துகிறது என்று ரைட்டர் ஐயாவிடம் பேசினால் புரியும். "கேஸ் போட்டா எண்ணிக்கை ஏறும், கண்டுபிடிக்கலைன்னா மீட்டிங்ல நிக்க வெச்சுக் கேப்பாங்க. போடலைன்னா குற்றமே நடக்கலை" என்பார். குற்றம் நடந்தது நடந்ததுதான், பதிவேட்டில் மட்டும் ஒரு கீறல் இல்லை.

2013 நவம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு லலிதா குமாரி வழக்கில் தீர்ப்புச் சொன்னது. மகள் கடத்தப்பட்டதாக உத்தரப்பிரதேசத்தில் ஒரு தந்தை கொடுத்த புகாரில் போலீஸ் நடந்துகொண்ட விதத்திலிருந்து எழுந்த வழக்கு. தீர்ப்பை எழுதியவர் அன்றைய தலைமை நீதிபதி பி. சதாசிவம், நம் ஈரோடு மாவட்டத்துக்காரர். பிடியாணை வேண்டாக் குற்றம் என்று தகவலில் தெரிந்தால் முதல் தகவல் அறிக்கை பதிவது கட்டாயம் என்று அதில் முடிவானது. குற்றங்களைப் பர்க் செய்வது சட்டத்தின் ஆட்சியை நீர்த்துப்போகச் செய்கிறது என்ற கருத்தும் அந்தத் தீர்ப்பில் இதே சொல்லால் வருகிறது. அந்தத் தீர்ப்பை மேற்கோள் காட்டும் மனுக்கள் வந்தபடியே இருப்பதால், இந்தச் சொல்லும் மொழிபெயர்ப்பு மேசைக்கு வந்துகொண்டே இருக்கிறது.

இங்கே தமிழாக்கும்போது 'அமுக்குதல்' என்பதைத் தனியாக விடாதீர்கள். நீதிமன்ற ஆவணத்தில் அது பேச்சுவழக்காகவும் நிற்கும், எந்தச் செயல் என்றும் தெளிவாகாது. முதல் முறை வரும்போது 'குற்றம் பற்றிய தகவல் வந்தும் வழக்குப் பதியாமல் மறைத்தல்' என்று விரித்து எழுதிவிட்டு, அடுத்தடுத்து 'வழக்குப் பதியாமல் மறைத்தல்' என்று சுருக்கிக்கொள்ளலாம்.

இதோடு ஜோடியாக இன்னொரு சொல் வரும், குறைத்துப் பதிவது. வழிப்பறியைத் திருட்டாகவும், பறித்துக்கொண்டு ஓடிய செல்போனைத் தொலைந்துபோன செல்போனாகவும் எழுதிக்கொள்வது. இதில் ஏதோ ஒரு காகிதம் இருக்கிறது, அதனால் இது பர்க்கிங் அல்ல. இரண்டையும் ஒரே தமிழ்ச் சொல்லில் அடைத்தால் மனுதாரரின் வாதமே கலங்கிவிடும். நம்மூரில் நடுவே ஒரு பழக்கம் உண்டு. புகாரை வாங்கிக்கொண்டு சி.எஸ்.ஆர். எனப்படும் மனு ரசீதைக் கையில் கொடுத்து அனுப்புவது. ரசீது இருக்கிறது, வழக்கு இல்லை. மனுவில் இதைப் 'பர்க்கிங்' என்று வக்கீல் எழுதியிருந்தால் அப்படியே பெயர்க்க வேண்டியதுதான், தீர்ப்புச் சொல்வது நம் வேலை இல்லை. சில வகைப் புகார்களில் பதியும் முன் முதற்கட்ட விசாரணைக்குச் சட்டமே இடம் தருகிறது என்பதையும் நினைவில் வையுங்கள். பழைய மனுக்களில் குற்றவியல் நடைமுறைச் சட்டம் பிரிவு 154 என்று இருப்பது, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு 173. பிரிவு எண்ணை நீங்களாக மாற்றிவிடாதீர்கள்.

தேடிப் பார்க்கும் விதம்

பழைய பயன்பாட்டைத் தேடும்போது மூல வடிவத்தைத் தட்டினால் எட்மண்ட் பர்க் வந்து திரையை நிறைத்துவிடுவார். இறந்த கால வடிவமான 'பர்க்டு' என்பதைத் தேடுங்கள். பெயருக்கு இறந்த காலம் கிடையாது, குப்பை பாதியாகக் குறையும். பிரிட்டன் நாடாளுமன்ற நடவடிக்கைகள் 1803 முதல் ஹான்சார்டு என்ற பதிவுத் தொகுப்பில் இணையத்திலேயே கிடைக்கின்றன. உருவகப் பொருளைப் பார்க்க அதைவிட நல்ல இடம் இல்லை. லண்டன் பர்க்கர்களின் விசாரணை ஓல்ட் பெய்லி நீதிமன்றப் பதிவுகளில் இலவசமாக இருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதி கிடைத்தால் பொருளைவிட அதன் கீழே ஆண்டு வாரியாக அடுக்கியிருக்கும் மேற்கோள்களைப் படியுங்கள். இந்தியத் தீர்ப்புகளுக்கு 'பர்க்கிங்' என்ற தொழிற்பெயரோடு 'கிரைம்' என்பதைச் சேர்த்துத் தேட வேண்டும்.

பழகும் பிள்ளைகளுக்கு நான் கொடுக்கும் வாக்கியங்கள் சில. 'தி கமிட்டி பர்க்டு தி இன்கொயரி': குழு விசாரணையைச் சத்தமில்லாமல் அமுக்கிவிட்டது. 'தே ஃபியர்ட் பீயிங் பர்க்டு', கீழே 1831 என்று தேதி: தங்களைக் கொன்று உடலை விற்றுவிடுவார்களோ என்று அஞ்சினார்கள். இதில் 'அமுக்கிவிடுவார்களோ' என்று எழுதுகிறவர்கள் தேதியைப் பார்க்கவில்லை என்று பொருள்.

கடைசியாகக் கொடுப்பது ஒரு வாக்கியம் அல்ல, ஒரு கட்டு. பெண் ஒருத்தியின் மரணம் பற்றிய ரிட் மனு என்று வைத்துக்கொள்ளுங்கள். இணைப்பில் உள்ள மருத்துவக் கருத்துரை, அடையாளங்கள் 'பர்க்கிங்' முறையோடு ஒத்துப்போவதாகச் சொல்கிறது. மனுவின் பத்தியோ, போலீஸ் இதைப் 'பர்க்கிங்' செய்துவிட்டது என்கிறது. ஒரே கட்டு, ஒரே சொல். ஓர் ஆவணத்தில் ஒரு சொல்லுக்கு ஒரே பெயர்ப்பு என்ற நம் தொழில் விதியை இங்கே ஓரமாக வைக்க வேண்டும். கருத்துரையில் மார்பும் மூக்கும் வாயும் வரட்டும், மனுவில் வழக்குப் பதியாமை வரட்டும். இரண்டு இடத்திலும் மூலச் சொல் ஒன்றுதான் என்று மொழிபெயர்ப்பாளர் குறிப்பாக ஓரத்தில் ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். எதிர்த்தரப்பு வக்கீல் இரண்டு பிரதிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தே தீருவார்.